கஞ்சிப் பானையில் ஊற்றிய புல் தைலம்

உங்களில் தறிக்காரத் தெருவில் பிறந்தவர்களுக்குப் புளித்த கஞ்சியின் வாடை சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். வடித்த கஞ்சியை மூடி வைத்து, மறந்துபோய், பிறகு ஒரு நாள் திறந்தால் மூக்கில் அடிக்குமே, அதுதான். அதோடு ஈர நூலின் வாடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குள் நுழைகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு அது வாடையே இல்லை. வெளியூரில் ஒரு வாரம் தங்கித் திரும்பினால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

இப்போது அது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் என் பேத்தி. கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் படிக்கிறாள். போன மாதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு கண்ணாடித் தட்டு. இரண்டிலும் பூஞ்சை வளர்த்திருக்கிறாள். வேலை இல்லாமல் வளர்த்தாயா என்று கேட்டேன். படிப்பே அதுதானாம். ஒரு தட்டின் நடுவில் பொட்டு அகலத்துக்கு ஒரு காகிதம், அதில் எலுமிச்சைப்புல் தைலம் ஒரு சொட்டு. காகிதத்தைச் சுற்றி, தெளித்துப் பெருக்கிய வாசல் மாதிரி வட்டமாகச் சுத்தமாக இருந்தது. பூஞ்சை எட்ட நின்றது. இன்னொரு தட்டில் வெறும் காகிதம். அதன் மேலேயே ஏறிப் படர்ந்திருந்தது.

"ஆச்சி, தைலம் அதைத் தொடக்கூட வேண்டாம். ஆவி பட்டாலே வளராது. கிராம்பு, ஓமம், துளசி எல்லாத்துலயும் இந்தக் குணம் உண்டு. செடி தன்னைக் காப்பாத்திக்கிட வச்சிருக்க மருந்து" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மூணாங்கிளாஸ்லா."

"இந்தப் பூஞ்சைக்காக எங்க வீட்டுல ஒருத்தியை அவ பொறந்த ஊருக்கே அனுப்பி விட்டோம்" என்றேன்.

சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்லுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்லுகிறேன். உங்களுக்கு விளக்கம் குறைவாகச் சொன்னால் போதும். மூன்றாம் வகுப்பு என்பது உண்மைதான். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் திருத்த ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி இருந்தது. தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறி. ஒன்றில் அப்பா, மற்றதில் அண்ணன். தறியில் குறுக்கே ஓடி நூல் விடுகிற நாடாவுக்குள் வைக்கிற குழலில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. சேலையின் நெடுக்கு நூலைப் பாவு என்போம். அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, காயவிட்டு, சுருட்டித் தறியில் ஏற்றுவார்கள். கஞ்சி போடாத நூல் நாலு மிதிக்குத் தாங்காது.

அந்தக் கஞ்சிப் பானையை எங்கள் வீட்டில் ஒருபோதும் வழித்துக் கழுவ மாட்டார்கள். அடியில் கொஞ்சம் பழைய கஞ்சியை நிறுத்தி, அதன் மேலேயே புதுக் கஞ்சியை ஊற்றிப் புளிக்க விடுவார்கள், பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. பழையது சேர்ந்தால்தான் நூலில் பிடிக்கும் என்பார் அப்பா. இன்னொரு வழக்கமும் இருந்தது. மாதவிலக்கான பெண் அந்தப் பானையைத் தொடக்கூடாது, தறிப் பள்ளத்தைத் தாண்டக்கூடாது. அந்த நாட்களில் பின்கட்டில் இருந்த ஓலைச் சாய்ப்புக்குப் போய்விட வேண்டும். தொட்டால் பாவு கெட்டுப்போகும் என்று நம்பினார்கள். யாரும் தொட்டுப் பார்த்ததில்லை, அதனால் கெடுமா கெடாதா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சாய்ப்பு எனக்கு நன்றாகத் தெரியும். கோழிக்கூடும் விறகும் அதில்தான் கிடக்கும். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, சிவகிரிக்காரி. அவள் அப்பா மலையில் அறுத்து வருகிற எலுமிச்சைப்புல்லைச் செம்பு அண்டாவில் அவித்து, அதன் ஆவியைக் குளிரவைத்துத் தைலம் எடுக்கிறவர். கல்யாணச் சாமானோடு ஒரு பச்சைக் குப்பியில் அந்தத் தைலமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூடியைத் திறந்தால் எலுமிச்சம்பழத்தோலைக் கண்ணுக்கு நேரே பிழிந்த மாதிரி இருக்கும். தலைவலி என்றால் நெற்றியில் ஒரு சொட்டு. கொசுவுக்கு ஒரு சொட்டு. ஒரு தடவை எனக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து நடக்க முடியாமல் போனது. மதினி தேங்காய் எண்ணெயில் ரெண்டு சொட்டுக் கலந்து தடவினாள். காந்தலில் கத்தினேன்.

"பொறுத்துக்கோ தாயி. காந்துச்சுன்னா கேக்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

புண் வறண்டுவிட்டது. அம்மாவோ அதை விளக்கெண்ணெயும் மஞ்சளும் ஆற்றியதாகச் சொன்னாள். அவள் முந்தின வாரம் தடவியது அது. அம்மாவுக்குத் தைலத்தின் மேல் பகை ஒன்றும் இல்லை. மருமகள் மேல்தான் ஒரு குறை இருந்தது.

கல்யாணமாகிச் சில வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. நான் சொல்லவரும் மழைக்கு முந்தின வருடம் ஒருமுறை நாள் தள்ளிப்போனது. அம்மா சந்தோஷத்தில் பொறுக்க மாட்டாமல் தெரு முழுக்கச் சீனி கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமே மதினி பின்கட்டுச் சாய்ப்புக்குப் போகும்படி ஆயிற்று. அன்றிலிருந்து சீனி என்ற பேச்சே எங்கள் வீட்டில் குத்தலாகிவிட்டது. எதிர்வீட்டுச் சித்தி காப்பி குடிக்க வந்தால், "யக்கா, எனக்குச் சீனி போடாதீய. போன வருசம் தின்னதே இன்னும் இனிக்கு" என்பாள். அம்மா சிரிப்பாள். சித்தி போனதும் டம்ளரை நங்கென்று வைப்பாள்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நம் பக்கம் மழை என்றால் கும்பிடுவார்கள். மழையை நம்பி விதைக்கிற குருவிகுளத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் சந்தைக்கு வரும்போது அவர்கள் முகமே வேறு மாதிரி இருந்தது. தறிக்காரனுக்கு மட்டும் மழை ஆகாது. தெருவில் பாவு விரிக்க முடியாது. ரெண்டு மணி நேரம் மழை விட்டு வெறித்தால் அவசரமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, அரைகுறையாகக் காய்ந்ததும் சுருட்டி உள்ளே தூக்கி வருவார்கள். சுவரெல்லாம் ஓதம் ஏறி வியர்த்து நிற்கும்.

அப்படிச் சுருட்டி வைத்த பாவை அப்பா பிரித்தபோது முதலில் வாடைதான் வந்தது, நனைந்த நாய் பக்கத்தில் நிற்கிற மாதிரி. பிறகு கண்ணில் பட்டது. நூலின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிர், அதற்குள் கறுப்பாகக் கடுகுப் புள்ளிகள். அப்பா ஒரு இழையை இழுத்தார். சத்தமில்லாமல் அறுந்து வந்தது.

அப்பாவுக்குப் பேச்சுக் குறைவு. பாவை அப்படியே சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா பழைய பானையை உடைத்தாள். புதுப் பானை வாங்கி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கோமதியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கஞ்சி காய்ச்சினாள். உறைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு செம்பு பழைய கஞ்சி வந்தது. அடுத்த பாவிலும் பூஞ்சை பூத்தது.

அன்று எதிர்வீட்டுச் சித்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள்ளேயே ஓடி வந்தாள். பாவைப் பார்த்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"பானையைக் குத்தம் சொல்லாதீய யக்கா. பானையைத் தொட்ட கையைப் பாருங்க."

"யாரு கை?" என்றாள் அம்மா.

"நான் எதுக்கு வாயைத் தொறக்கணும். வெள்ளனவே எந்திரிச்சு உங்க மருமவ வேலியோரம் துணி அலசிப் போடுதா. ஆளு எந்திரிக்கும் முன்னால அலசுத துணி என்ன துணி? எனக்குத் தெரியாதும்மா."

அம்மா மதினியைக் கூப்பிட்டாள். மதினி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தறியில் அண்ணன் இருந்தான். மிதிக்கிற சத்தம் நின்றது.

"ஏட்டி, இந்த மாசம் நீ ஒதுங்குனியா?"

"இல்ல அத்தை."

"ஏன்?"

மதினி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் நாடாவைப் பார்த்தான்.

"வரல" என்றாள்.

"சீனி வாங்கி வைக்கவா யக்கா?" என்றாள் சித்தி.

அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அம்மா யோசித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா கொடுமைக்காரி இல்லை. ஆனால் தெரு சிரித்ததை அவள் மறக்கவில்லை. முகம் அப்படியே இறுகிவிட்டது.

"அப்ப அந்தத் துணி?"

"வாந்தி எடுத்தேன் அத்தை. இந்தக் கஞ்சி வாடை குடலைப் பொரட்டுது. அதைத்தான் அலசுனேன்."

"இத்தனை வருசமாப் பொரட்டாத வாடை இப்பப் பொரட்டுதோ. ஒதுங்கச் சங்கடப்பட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி பானையைக் கலக்கிருக்க. அந்தச் சாய்ப்புல மழை ஒழுகுதுன்னு என்கிட்டச் சொன்னா நான் கூரை மாத்தித் தர மாட்டேனா?"

மதினி அழவில்லை. அண்ணனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

அண்ணனை நல்லவன் என்றுதான் ஊர் சொல்லும். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். "அம்மா சொல்லுதபடி கொஞ்ச நாள் உங்க வீட்டுல போய் இருந்துட்டு வா" என்றான். அந்த நல்லதனத்தை நான் அன்று பார்த்தேன். பிறகு அவன் எவ்வளவு நல்லது செய்தாலும் எனக்கு அந்த நாடாதான் ஞாபகம் வரும்.

சிவகிரிக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். மதினியின் அப்பா மறுநாள் காலை பஸ்ஸில் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. காலையில் மதினி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். அம்மா கொல்லையில் இருந்தாள். நான் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். மதினி கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் போனாள், மூடியை எடுத்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பச்சைக் குப்பியைச் சாய்த்து மளமளவென்று ஊற்றினாள். பாதிக்கு மேல் போயிருக்கும். துடுப்பால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூடினாள்.

"ஏன் மதினி?" என்றேன்.

"பஸ்ஸு வர்ற வரைக்காவது மூச்சு விடணும்லா" என்றாள்.

அவ்வளவுதான். அதில் வேறு எண்ணம் இல்லை. மாமியாருக்கு நல்லது செய்யவும் இல்லை, கெட்டது செய்யவும் இல்லை. வயிற்றைப் புரட்டுகிற ஒருத்தி தன் மூக்குக்குச் செய்துகொண்டது.

மதினியின் அப்பா வந்தார். காப்பி வேண்டாம் என்றார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மதினி என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவர்கள் தெருமுனை தாண்டும் முன்பே அம்மாவுக்கு மணம் எட்டிவிட்டது. என்னைக் கேட்டாள். பார்த்ததைச் சொன்னேன். அம்மா பானையைத் தூக்கிவிட்டாள், கொட்டுவதற்கு.

"வையி" என்றார் அப்பா.

"தீட்டுக் கை பட்டுட்டுங்கேன்."

"கையா பட்டுது? குப்பியில இருந்துதான விழுந்துது. துடுப்புதான கலக்குச்சு. நூலுக்கு எண்ணெய் ஆகும். அரிசி விக்கிற விலையில கொட்டுதாளாம்."

கஞ்சியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம்தான், நூல் வழவழப்பாக இருக்க. அதனால் அம்மா பானையை இறக்கி வைத்தாள். அப்பா அந்தக் கஞ்சியைப் போட்டுத்தான் அடுத்த பாவைச் சுருட்டினார். அதே மழை, அதே ஓதம். பிரித்தபோது ஒரு புள்ளி இல்லை. நூல் விறைப்பாக, வெள்ளையாக, வீடு முழுக்க எலுமிச்சை மணம்.

அம்மா தெருவில் இறங்கி நின்று சொன்னாள். "பாத்தியளா. ஆளு போனதும் பாவு நிக்குது."

"அம்மா, அந்தக் கஞ்சியிலதான மதினி தைலம் ஊத்துனா" என்றேன் நான்.

"போட்டி. மணத்துக்கு என்ன பலம் இருக்கு? காத்தடிச்சாப் போயிரும்."

பலம் இருந்தது. அடுத்த பாவும் நின்றது. சேலையைக் கொண்டுபோய்ப் போட்டபோது ஜவுளிக்கடைக்காரர் முகர்ந்து பார்த்து, "என்னவே, சேலை ஊறுகாய் மணக்கு?" என்றாராம். "மழைக்காலம்லா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் அப்பா.

ஒவ்வொரு நல்ல பாவும் மதினிக்கு எதிரான சாட்சியாகிப் போனது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவள் ஊற்றியதில் நூல் பிழைத்தது. அவள் இல்லாததால் பிழைத்தது என்று வீடு முடிவு கட்டிவிட்டது. அண்ணன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "கூட்டிட்டு வரவா?" என்று மெதுவாகக் கேட்டான். "மழை முடியட்டும்" என்றாள் அம்மா. எதிர்வீட்டுச் சித்தி அதற்கும் மேலே போனாள். பனவடலிசத்திரத்தில் அவள் தங்கை மகள் ஒருத்தி கல்யாணத்துக்கு இருந்தாள்.

"நான் எதுக்கு வாயைத் தொறக்கணும். பிள்ளையும் இல்ல, பாவுக்கும் ஆகல. பேசித் தீத்து விட்டுட்டு வேற பாக்கது அவளுக்கும் நல்லதுதான யக்கா."

அம்மா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

பானையில் புதுக் கஞ்சி விழ விழ மணம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மூடியைத் திறந்தால் பழைய புளிப்பு வாடை மட்டும்தான். என் பேத்தியின் தட்டுகளைப் பார்த்தபோது இந்த இடம்தான் நெஞ்சில் தட்டியது. அவள் தைலம் விட்ட தட்டு, விடாத தட்டு என்று இரண்டு வைத்துப் பார்க்கிறாள். எங்கள் வீட்டிலும் இரண்டும் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. எல்லோரும் மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகை முடியப் போகும்போது பிரித்த பாவு முழுக்கப் பூத்திருந்தது. முன்னைவிட மோசம். பச்சையும் கறுப்புமாகப் படர்ந்து, சுருளின் உள்மடிப்பு வரை போயிருந்தது.

மதினி சிவகிரியில் இருக்கிறாள். எனக்கு அந்த வயது வரவில்லை. மிச்சம் வீட்டில் ஒரே ஒரு பெண். அப்பா பாவைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏளா. நீ சரியாத்தான இருந்த?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அதற்குள் சித்தி வாசலில் வந்துவிட்டாள்.

"யக்கா, தப்பா எடுத்துக்கிடாதீய. நாள் கணக்குத் தெரியாமக் கூடத் தொட்டிருப்பீய. வயசும் ஆகுதுல்லா, முன்னப்பின்ன வரும்."

அம்மா என்ன பதில் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை. "இல்லை" என்றால் போதாது. எப்படிக் காட்டுவாள்? அவள் தறிப் பள்ளத்தையும், பானையையும், தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சியே தேய்ந்த கை அது.

"எங்கிட்டயே கேக்கீயளா" என்றாள். கத்தவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை சீவிவிட்டு, "வா" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை. சிவகிரி பஸ் நின்ற பிறகுதான் தெரிந்தது. வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மலை பக்கத்தில் வர வர மேகம் கீழே இறங்கி இருந்தது. பஸ்ஸில் அம்மா பேசியது ஒன்றே ஒன்று: "பசிக்கா?"

மதினி வீட்டு முற்றத்தில் செம்பு அண்டா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் கழுத்திலிருந்து ஒரு குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி மறுபக்கம் வந்து சொட்டியது. சுற்றிலும் அவித்த புல் மலைமாதிரி கிடந்தது. அங்கே காற்றே எலுமிச்சையாக இருந்தது. மதினியின் அப்பா எழுந்து நின்றார்.

"வாங்க தங்கச்சி."

"இருக்கட்டும் அண்ணாச்சி. மருமவ எங்க?"

மதினி உள்ளேயிருந்து வந்தாள். வந்த நடையிலேயே அம்மா பார்த்துவிட்டாள். பெண்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. சேலைக் கட்டு மேலே ஏறியிருந்தது, வயிறு லேசாகத் தெரிந்தது. அம்மா அப்படியே புல்குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?"

"சொன்னேன்லா அத்தை. வரலைன்னு சொன்னேன். வாந்தின்னும் சொன்னேன்."



"நான்தான் அனுப்ப வேண்டாம்னேன்" என்றார் மதினியின் அப்பா. "வாய் சொன்னதை நம்பாதவங்களுக்கு வயிறு சொல்லட்டும்னு இருந்தேன்."

மோர் வந்தது. அம்மா டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். பிறகு, கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று தெரிந்தும் அதைத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு அந்தத் தைலத்தை ஏன் பானையில ஊத்துன?"

"நாத்தம் தாங்கல அத்தை."

"அது இருந்தவரை பாவு பூக்கல."

மதினிக்கு அது புதுச் செய்தி. அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் அண்டாவுக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டே, "இருக்கும். மாட்டுப் புண்ணுக்குப் போட்டா ஈ அண்டாது, புழு வைக்காது. இந்த அண்டா மழையில கெடக்கு, இதுல ஒரு பாசி பிடிச்சு நான் பாத்ததில்ல. கஞ்சிக்கு ஆகும்னு எனக்கும் தெரியாது" என்றார்.

அவர் பேச்சில் ஆச்சரியமும் இல்லை, பெருமையும் இல்லை. அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வீட்டுக்கு வா" என்றாள்.

மதினி உடனே சரி சொல்லவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"வாரேன் அத்தை. பிள்ளை பொறந்த பெறகும் அந்தச் சாய்ப்புக்கு மட்டும் போகமாட்டேன். வீட்டுக்குள்ளயேதான் இருப்பேன். அது ஆகாதுன்னா இப்பமே சொல்லிருங்க. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். எங்கப்பா சோறு போடுவாரு."

அம்மா ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மதினிக்குத் தெரியவில்லை. ஆனாலும் பெட்டியை எடுத்தாள். அந்தப் பெட்டி அவிழ்க்காமலே இருந்தது. மதினியின் அப்பா பெரிய பாட்டில் ஒன்றில் தைலம் நிரப்பி, துணியால் சுற்றி அம்மா கையில் கொடுத்தார். பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். கேட்ட கேள்விக்குப் பதில் வராமலே மதினி வாசல்படி ஏறினாள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள். தெருவில் எல்லா வீட்டுப் பாவும் வெளியே வந்துவிட்டது. ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம். அப்பாவும் அண்ணனும் எங்கள் பாவை இழுத்துக் கட்டினார்கள். பானையை வாசலில் கொண்டு வைத்து, அப்பாவே தைலத்தை அளந்து ஊற்றினார். எதிர்வீட்டுச் சித்தி அவள் பாவுப் பக்கம் நின்றபடி மதினியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். அவள் அன்று விடியலில் இருந்தே பின்கட்டுப் பக்கம் நின்று யோசித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். ஏன் என்று அப்போது தெரியாது. நேராகப் பானைக்குப் போனாள். சேலையை வரிந்து செருகினாள்.

"எனக்கு இன்னைக்கு முத நாள்" என்றாள். தெருவுக்கே கேட்டது.

கஞ்சிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு. ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். அப்பா ரெண்டு எட்டு முன்னால் வந்தார்.

"ஏளா" என்றார்.

"கெட்டா என் கைதான். இந்தத் தடவை வேற யாரையும் தேட வேண்டாம்" என்றாள் அம்மா.

சித்தி வாயைத் திறந்தாள். "யக்கா, நான் எதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"திறக்காத" என்றாள் அம்மா.

அப்பா அங்கேயே நின்றார். அவர் அந்தப் பாவை விட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம். போனால் தெருவில் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானையைத் தூக்கிப் பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அம்மா கையிலிருந்து கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. நிலைப்படியில் நின்ற மதினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, அங்கன நின்னுக்கிட்டு என்ன பாக்க. குனியாத, பாரம் தூக்காத. வந்து அந்த முனையைப் பிடி."

மதினி படி இறங்கி வந்தாள். ஈரத் தெருவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, எல்லோரும் விலகி விட்ட வழியில் நடந்து போய், பாவின் மறுமுனையைப் பிடித்தாள்.